விறகு விலையும் ஐந்து கண் அடுப்பும்

சமைப்பது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது. சின்ன வயதில் சொல்லியிருந்தால் என் அம்மாவே முதுகில் நாலு வைத்திருப்பாள். அதனால் யுத்த காலத்தில் விறகு விலை ஏறியதைப் பற்றி மற்றவர்கள் புலம்பும்போது நானும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு தலையாட்டுவேன். ஆனால் என் வாழ்க்கையிலேயே நான் நன்றாகத் தூங்கியதும், நாலு பேரோடு உட்கார்ந்து சிரித்ததும், விறகு தங்க விலை விற்ற அந்த வருஷங்களில்தான்.

நாங்கள் இருந்தது ராயபுரத்தில், பழைய ரயிலடிக்கும் கடற்கரைக்கும் நடுவே ஒரு சந்தில். ஒண்டுக் குடித்தனம். நடுவில் மண் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், சுற்றிலும் ஐந்து அறைகள். அறைக்கு ஒரு குடும்பம், அந்த அறைக்குள்ளேயே ஒரு ஓரமாக அடுப்பு. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்களுக்கு அப்போது ஒரே பிள்ளை. எதிர் அறையில் வண்ணாரப்பேட்டையில் கயிற்றுக் கடை வைத்திருந்த பாயும் அவர் சம்சாரமும். அந்த அம்மாளை எல்லாரும் பாயம்மா என்போம். எங்களுக்கு இடப்பக்கம் மீன் விற்கிற அக்கா. அவள் புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். வலப்பக்கம் ரயில்வே வீடு. புருஷன் ரயில் பட்டறையில் வேலை பார்த்தான், அதன் பெருமையைப் பேசும் வேலையைப் பெண்டாட்டி பார்த்தாள்.

ஐந்தாவதுதான் மூலை அறை. எங்கள் அறையைப் போல ஒன்றரை மடங்கு பெரியது. கடல் பக்கம் பார்த்து ஒரு ஜன்னல் வேறு. குடிவந்த நாளிலிருந்தே எனக்கு அதன் மேல் ஒரு கண். அதில் இருந்தவள் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன், காய்ச்சலில் படுத்து பத்தே நாளில் போய்விட்டான். கார்ப்பரேஷன் பள்ளியில் படிக்கிற ஒன்பது வயதுப் பெண் ஒன்று. சந்து முனையில் காலையில் இட்லி விற்று, துறைமுகத்துக்குப் போகிற ஆட்களை நம்பி அந்த அக்கா பிழைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் விறகு ஏறியது. எங்கள் பக்கம் எரிப்பது சவுக்கு. வடக்கேயிருந்து கால்வாயில் படகு படகாக வந்து, விறகு நிறுத்து விற்கிற இடத்துக்குப் போகும். அந்த இடத்தை விறகுத் தொட்டி என்போம். யுத்தம் வந்ததும் ரயில் வண்டிகள் பட்டாளத்துக்குப் போயின. நிலக்கரி வரத்து குறைந்தது. கரி எரித்த பெரிய அடுப்புகளெல்லாம் விறகுக்கு வந்து நின்றன. மண்ணெண்ணெய் விளக்குக்கே கூப்பன் கேட்டார்கள். வாரம் முழுக்க எரித்த காசுக்கு இரண்டு நாள் விறகு வந்தது. அதுவும் வீட்டுக்கு ஒரு கட்டுக்கு மேல் கிடையாது என்று தொட்டிக்காரர் சொல்லிவிட்டார். வெயில் ஏறுவதற்குள் போய் வரிசையில் நின்றால் கிடைத்தது, இல்லாவிட்டால் இல்லை. கிடைத்ததும் பச்சை விறகு. ஊதி ஊதி என் கன்னம் வீங்கியது. கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அழுதாயா என்று கேட்காத ஆள் இல்லை.

எங்களுக்கு அது பேஜார் என்றால் மூலை அறை அக்காவுக்கு அது பிழைப்பு. இட்லி விற்று வந்த காசை விறகே தின்றது. இரண்டு மாதம் தாக்குப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் குழாயடியில் என்னிடம் சொன்னாள். அரக்கோணத்தில் இருக்கும் அண்ணன் மாசக் கடைசியில் வந்து கூட்டிப் போகிறானாம்.

“நல்லதுதானக்கா. அண்ணன் வூடு கீது, உனக்கு இன்னா கொற?” என்றேன்.

“அங்க போனா நான் தங்கச்சி இல்ல, வேலைக்காரி” என்றாள். “என் பொண்ணு அண்ணி புள்ளைங்கள இடுப்புல தூக்கி வெச்சிகினு நிக்கும். இஸ்கூலு அத்தோட சரி. எனக்கு இன்னா ஆனாலும் பரவால்ல தங்கச்சி, அது நாலெழுத்து படிக்கணும்.”

நான் அடப்பாவமே என்றேன். உண்மையாகவே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதே நேரத்தில் என் மனசு அந்த மூலை அறைக்குள் நுழைந்து, எங்கள் டிரங்குப் பெட்டியை எங்கே வைக்கலாம், தூளியை எந்த உத்திரத்தில் கட்டலாம் என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொல்லி, வாடகைக்கு விட்டவரின் காதில் போட்டு வைக்கச் சொன்னேன்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் காலையில் என் விறகு பாதியில் தீர்ந்துபோனது. அரிசி அரைவேக்காடு. அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு மூலை அறைக்கு ஓடினேன். அக்கா அப்போதுதான் கடைசி ஈடு இட்லியை எடுத்திருந்தாள். அடுப்பில் விறகு இல்லை, தணல்தான். என் பானையை அதன் மேல் வைத்து, சுற்றிலும் சாம்பலை அணைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினாள். கொஞ்ச நேரத்தில் சோறு மல்லிகைப் பூவாக வெந்திருந்தது. ஒரு சுள்ளிகூடப் போடவில்லை.

நான் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, நீ ஒரு பக்கம் எரிக்கிற, பாயம்மா ஒரு பக்கம் எரிக்கிறாங்க. பாதி சூடு செவுத்துக்குத்தான் போவுது. எங்கப்பாரு கல்யாண சமையலுக்குப் போவாரு. மண்ணுல நீட்டமா கோட்டை அடுப்பு தோண்டி, ஒரே நெருப்புல வரிசயா அண்டா ஏத்துவாரு. முத்தத்துல அப்டி ஒண்ணு தோண்டினா ரெண்டு கட்டு வெறகுல நாலு வூட்டு சோறும் வடிச்சுடலாம். நான் வடிச்சுக் குடுக்கறேன். வூட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி குடுங்க, போதும்.”

எனக்குச் சமைக்க வேண்டாம் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. உடனே சரி என்றேன். அந்த அடுப்பு எரிந்தால் மூலை அறை காலியாகாது என்பது என் புத்திக்கு எட்ட இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் பள்ளம் தோண்டியாகிவிட்டது.

மற்றவர்களைச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். மீன்கார அக்காவிடம் பேச்சே தேவைப்படவில்லை. “விடியக்காலம் கரைக்கு ஓடறவ நானு. எவ வடிச்சா எனக்கு இன்னா, சோறு இருந்தா சரி” என்றாள். பாயம்மா யோசித்தார்கள். “எங்கூட்டுப் பானையில எங்கூட்டுக் கரண்டிதான் போவணும். அதுக்கு ஒத்துகினா எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார்கள். ரயில்வே வீட்டுக்காரிதான் மூக்கைச் சுளித்தாள். அவங்கவங்க அடுப்பு அவங்கவங்க வீட்டில் எரிய வேண்டும், இது என்ன சத்திரமா என்று கேட்டாள். இரண்டு நாள் விறகு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய பிறகு அவளும் பானையைக் கொண்டுவந்து வைத்தாள்.

முற்றத்தில் முழங்கால் ஆழத்துக்கு நீளமாகப் பள்ளம். மேலே மண் குழைத்துப் பூசி, வரிசையாக ஐந்து கண். பள்ளத்தின் வாயில் விறகை வைத்தால் நெருப்பும் சூடும் முதல் கண்ணிலிருந்து ஐந்தாவது கண் வரைக்கும் ஓடும். முதல் கண்ணில் கொதிக்கும், நடுவில் வேகும், அதற்கப்புறம் சும்மா சூடு இருக்கும். அக்கா பானைகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போவாள். ஐந்தாவது கண் அவளுடையது. அங்கே இட்லிப் பானையை வைத்துக்கொள்வாள். நாலு வீட்டுப் பானையையும் தாண்டி வருகிற சூடு வீணாய்ப் புகையோடு போக வேண்டியதுதானே, அது இட்லியை வேகவைத்தது. இட்லிக்கென்று அவள் ஒரு குச்சி விறகு வாங்கவில்லை. விறகு விலை பிடுங்கிக்கொண்ட பிழைப்பை அதே விறகு விலை திருப்பிக் கொடுத்தது. நாங்கள் கொடுத்த கைப்பிடி அரிசியோடு கேழ்வரகைக் கலந்து அரைத்தாள். இட்லி கறுப்பாகத்தான் இருக்கும். ரேஷன் காலத்தில் யார் நிறம் பார்த்தார்கள்?

மழைக்கு மறைப்பாக மீன்கார அக்கா வீட்டுக் கட்டுமரத்தின் கிழிந்த பாய்த் துணியை மேலே கட்டினோம்.

விறகை நாலு வீடும் முறை வைத்துப் போட்டோம். அரைப்பதும் கரைப்பதும் அந்தந்த வீட்டுக்காரி வேலை. குழம்பைக் கரைத்துப் பானையில் ஊற்றி, கரண்டியோடு கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். கொதிக்க வைத்து இறக்குவது அக்கா வேலை. பானைகள் எல்லாம் ஒரே குயவரிடம் வாங்கியவை, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. கரண்டியைப் பற்றி அத்தனை பேசிய நாங்கள் பானைக்கும் மூளையைச் செலவழித்தோம். நான் என் பானையில் சுண்ணாம்பால் பெரிய நாமம் போட்டேன். பாயம்மா பிறை வரைந்தார்கள். மீன்கார அக்கா காவியில் ஒரு மீன் போட்டாள், கண்ணெல்லாம் வைத்து. ரயில்வே வீட்டுக்காரி எஞ்சின் வரைந்தாள் என்று நினைக்கிறேன், பார்க்க எருமை மாதிரி இருந்தது. அவ்வளவு அழகாக வரைந்த நாலு பொம்பளைகளில் ஒருத்திக்குக்கூட, விறகு நெருப்பில் வைத்தால் பானை கறுக்கும் என்பது தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து நாங்கள் தேய்த்ததெல்லாம் கரிப் பானைதான்.

அது புரட்டாசி சனிக்கிழமை. என் வீட்டுக்காரர் அந்த மாசம் சனிக்கிழமைகளில் கவுச்சி தொடமாட்டார். அதனால் பூசணிக்காய்க் குழம்புதான் கரைத்து வைத்தேன். விடியாத நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு பானையிலிருந்து மொண்டு அவர் கேரியரில் ஊற்றி அனுப்பிவிட்டேன். மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது கரண்டியில் உப்புக்கண்டம் வந்தது. அவர் கேரியர் எப்போதோ துறைமுகம் போய்ச் சேர்ந்திருந்தது.

சாயங்காலம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். “இன்னாடி பண்ண? இன்னிக்கி கொழம்பு சோக்கா இருந்துச்சே.”

சொன்னேன். கேரியரைத் திறந்து மோந்து பார்த்தார். வாயில் கடிபட்டது இறைச்சி என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பிறகு, “தெரியாம சாப்ட்டா பெருமாளு ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். அதற்குள் எதிர் வீட்டில் பாயின் குரல் கேட்டது. “வூட்ல துட்டு இல்லன்னா சொல்லித் தொலை. பூசணிக்காய போட்டா கடைக்கி அனுப்புவ?”

நான் விடுவிடுவென்று போய் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். உனக்குக் கண் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அதில் பாதிக் கோபம் குழம்புக்கு. மீதி அந்த மூலை அறைக்கு. அக்கா அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த நாலு பானையையும் என் முன்னால் வரிசையாக நிமிர்த்தி வைத்தாள். நாமமும் இல்லை, பிறையும் இல்லை. நாலும் அமாவாசை. முதலில் சிரித்தது பாயம்மாதான். பிறகு நானும் சிரித்தேன். மறுநாள் என் வீட்டுக்காரர், உடைந்த சரக்குப் பெட்டிகளில் கட்டி வரும் கம்பித் துண்டுகளை யாரிடமோ கேட்டு வாங்கிவந்தார். என் பானைக் கழுத்தில் ஒரு சுற்று, பாயம்மாவுக்கு இரண்டு, மீன்கார அக்காவுக்கு மூன்று, ரயில்வே வீட்டுக்கு நாலு. அதற்குப் பிறகு குழம்பு மாறவில்லை. ஆனால் அந்த உப்புக்கண்டம் எப்படி வைத்தீர்கள் என்று புரட்டாசி முடிந்ததும் பாயம்மாவைக் கேட்டு நான் கற்றுக்கொண்டேன்.

அக்காவின் அண்ணன் சொன்னபடி மாசக் கடைசியில் வந்தார். நல்ல மனுஷர்தான். முற்றத்துப் பள்ளத்தைச் சுற்றி வந்து பார்த்தார். “விறகு இந்த விலை விக்கிற வரைக்கும்தாம்மா இது. விலை இறங்கிச்சுன்னா அவங்கவங்க பானையை எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்ப வர்றேன்” என்று சொல்லிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

அப்படி மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. விடியற்காலை எழுந்து பானையை வைத்துவிட்டு வந்து நான் மறுபடி படுத்துக்கொள்வேன். கல்யாணமான பெண்ணுக்கு விடிந்த பிறகும் தூக்கம் என்பது அப்போது ராணிக்குக்கூடக் கிடைத்திருக்காது. அறைக்குள் புகை இல்லை. என் பிள்ளையின் இருமல் போனது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய நான், பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையெல்லாம் பிரித்து உட்கார்ந்து படித்தேன். மீன் விற்காமல் மிஞ்சிய நாளில் நாலு வீட்டிலும் மீன் வாசனை அடித்தது. அடுப்பு அணைந்த பிறகும் மண் சூடாகவே இருக்கும். மழைக்காலத்தில் நனைந்த துணியை அதைச் சுற்றிக் காயப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து கதை பேசுவோம். மூலை அறைப் பெண் அந்தச் சூட்டருகில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு ஒப்பிக்கும். தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு எங்களில் என்னைத் தவிர ஆள் இல்லை. நானே பதினாறாம் வாய்ப்பாட்டில் திணறுவேன்.

யுத்தம் முடிந்தது. உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. ஒரு வருஷம் கழித்துத்தான் கால்வாயில் படகுகள் பழையபடி வரத் தொடங்கின. தொட்டியில் வரிசை மறைந்தது. சவுக்கு காய்ந்து, தட்டினால் மணி மாதிரி ஓசை கொடுத்தது. ஊரெல்லாம் சந்தோஷம். மூலை அறை அக்கா மட்டும் தொட்டிப் பக்கம் போனால் அந்த மலை மலையான விறகை நின்று பார்த்துவிட்டு வருவாள்.

முதலில் போனது ரயில்வே வீட்டுப் பானை. சொல்லிக்கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் அந்த அறைக்குள்ளிருந்து புகை வந்தது, அவ்வளவுதான். அக்கா அந்தக் கண்ணின் மேல் ஒரு ஓட்டுத் துண்டை வைத்து மண் பூசி மூடினாள். பத்து நாள் கழித்துப் பாயம்மா வந்து, பாய் சொல்கிறார், நான் என்ன செய்ய என்று தலையைக் குனிந்துகொண்டு பானையை எடுத்துப் போனார்கள். இரண்டு கண் மூடியாகிவிட்டது. இரண்டு வீட்டு விறகுச் சூடு ஐந்தாவது கண் வரைக்கும் போய்ச் சேரவில்லை. இட்லி நடுவில் மாவாக இருந்தது. துறைமுகத்து ஆட்கள் இரண்டு நாள் பொறுத்தார்கள், மூன்றாம் நாள் வேறு கடைக்குப் போனார்கள். அக்கா தன் காசில் விறகு வாங்கி எரித்தாள்.

எனக்கு அப்போது வயிற்றில் இரண்டாவது. ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு வண்டி நிறைய விறகு கொண்டுவந்து இறக்கினார். முகமெல்லாம் பல்.

“பாத்தியா, சல்லிசா வந்துச்சு. இனி நம்ம வூட்லயே சமைச்சுக்கலாம். அந்த மூலை ரூமுக்கும் வாடகைக்கு வுட்டவரு சரின்னுட்டாரு. அந்தம்மா காலி பண்ணா நமக்குத்தான். புள்ள பொறக்கற நேரத்துக்கு ஜன்னல் வூடு.”

நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஐந்து வருஷமாக ஆசைப்பட்ட அறை. மறுநாள் காலை என் பானையை நான் முற்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. உள்ளே அடுப்பைப் பற்றவைத்தேன். காய்ந்த விறகுதான், ஆனாலும் புகை புகைதான். மூன்று வருஷம் பழக்கம் விட்டுப்போன கண் கொட்டிக்கொண்டே இருந்தது. முற்றத்தில் மீன்கார அக்காவின் பானை மட்டும் தனியாக இருந்தது.

அன்று மத்தியானம் மூலை அறைப் பெண் வந்தது. பன்னிரண்டு வயது முடிந்து நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. கையில் எங்கள் வீட்டுக் கரண்டி.

“அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க அத்தை. மூட்டை கட்டற அவசரத்துல மறந்துடுமாம். போன வாரமே கடுதாசி போட்டாங்க, மாமா நாளைக்கு காலைல வராரு.”

வாங்கிக்கொண்டேன். அது போகாமல் வாசற்படியிலேயே நின்றது.

“அரக்கோணத்துல பெரிய இஸ்கூலு கீதா அத்தை? எட்டாவது வரைக்கும்?”

இருக்கும் என்றேன். இருக்கும்தான். இதை அனுப்புவார்களா என்பது வேறு. அது எனக்கும் தெரியும், அதற்கும் தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் என்னிடம் ஏன் கேட்கிறது? அது போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. மூன்று வருஷம் இந்தப் பெண்ணின் அம்மா என் சோற்றை வடித்தாள், நான் போர்த்திக்கொண்டு தூங்கினேன். இன்று ஒரு வண்டி விறகு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நேரே எதிர் வீட்டுக்குப் போனேன். “பாயம்மா, உங்க கரண்டி வந்துச்சா?”

“வந்துச்சு” என்றார்கள். அவர்கள் கண்ணும் சிவந்திருந்தது. அது புகையா வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

“நாளைக்கு காலைல பானைய எடுத்துகினு முத்தத்துக்கு வாங்க. பாய்க்கு நான் பதில் சொல்றேன்.”

“நீ இன்னாத்துக்கு சொல்ற? அவருக்கு சொல்ல எனக்கு வாய் இல்லியா?” என்றார்கள்.

மீன்கார அக்காவிடம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரயில்வே வீட்டுக்காரி மட்டும் பிடி கொடுக்கவில்லை. “வெறகு சல்லிசா விக்கும்போது எனக்கு இன்னா தலையெழுத்து” என்றாள். உன் இஷ்டம் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் முதல் ரயிலிலேயே அண்ணன் வந்துவிட்டார். விடிந்தும் விடியாத நேரம். முற்றத்தில் மூட்டை முடிச்சுகள் கட்டி வைத்திருந்தன. அக்கா வழிக்கென்று கொஞ்சம் இட்லி ஊற்றியிருந்தாள். அவர் அடுப்பின் பக்கத்தில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, “நான் அப்பவே சொன்னேனே. விறகு இறங்கினா யாரு வருவா?” என்று தங்கச்சியிடம் மெதுவாகச் சொன்னார். குத்திக் காட்டவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் ஊதுகுழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் உள்ளே குனிந்து, இரண்டு கை நிறைய விறகை அள்ளினேன். என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னாடி பண்ற?”

“அடுப்புக்கு வெறகு.”

“நம்ம அடுப்பு இங்க கீது.”

“அதான் நம்ம அடுப்பு” என்றேன். வெளியே காட்டினேன்.

“அப்ப அந்த ரூமு?”

“அதுல ஆளு கீது” என்றேன்.

 வயிற்றுப் பிள்ளைக்காரி சுமக்கக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் எழுந்து வந்து, கையிலிருந்த விறகை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். பள்ளத்தின் வாயில் கொண்டுபோய்ப் போட்டார். நான் பானையை எடுத்து வந்து முதல் கண்ணில் வைத்தேன். மீன்கார அக்கா அவள் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் வழியில் உட்கார்ந்திருந்தார்.

“கொஞ்சம் அப்பால குந்து நைனா. பானை வெக்கணும்” என்றாள்.

அவர் எழுந்து நின்றார். பாயம்மா ஒரு கையில் பானையும் ஒரு கையில் கரண்டியுமாக வந்து, மூடியிருந்த ஓட்டுத் துண்டைக் காலால் தட்டிப் பெயர்த்துவிட்டுப் பானையை வைத்தார்கள். யாரும் அக்காவிடம் இரு என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. ஆளாளுக்கு அவரவர் பானையில் தண்ணீர் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து ரயில்வே வீட்டுக் கதவு திறந்தது. அவள் பானையைக் கொண்டுவந்து, மிச்சமிருந்த ஓட்டுத் துண்டையும் பெயர்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வைத்தாள். “ஒரே ஈர வெறகு. கண்ணு எரியுது” என்றாள். அவள் வாசலில் அடுக்கியிருந்த விறகு எலும்பாகக் காய்ந்திருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

“ஆமாமா, ஈரந்தான்” என்றேன் நான்.

அக்கா எழுந்தாள். ஊதுகுழலை எடுத்து அடுப்பு வாயில் இரண்டு ஊது ஊதினாள். நெருப்பு உள்ளே போகிற சத்தம் கேட்டது. ஐந்தாவது கண்ணில் இருந்த இட்லிப் பானையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு வந்து சேரும் வரைக்கும் கையை எடுக்கவே இல்லை. பிறகு அண்ணனைப் பார்த்து, “நாலு வூட்டுக்கு ஒலை வெச்சாச்சுண்ணே. நீ சாப்ட்டுட்டுக் கெளம்பு” என்றாள். அவள் அழுதாள், நானும் அழுதேன். புகை என்று சொல்லிக்கொண்டோம்.

அவர் ஆறு இட்லி சாப்பிட்டார். பெண்ணிடம் எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கேட்டுவிட்டு, கையில் நாலணா கொடுத்துவிட்டுப் போனார். அது பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பாதி இட்லியோடு ஓடியது.

என் இரண்டாவது பிள்ளை எங்கள் ஒற்றை அறையில்தான் பிறந்தது. மூன்றாவதும் அங்கேதான். காலை நீட்டினால் ஒருவர் மேல் ஒருவர் இடிக்கும். வெயில் காலத்தில் அந்த மூலை ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமூச்சு வரும். நான் ஒன்றும் அவ்வளவு நல்லவள் இல்லை. அப்படிப் பெருமூச்சு விடுகிற நாளில் அந்த ஜன்னலுக்குள்ளிருந்து, எட்டாவது பரீட்சைக்கு அந்தப் பெண் உரக்கப் படிக்கிற சத்தம் கேட்கும். நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.